169.254 என்று முகவரி வந்தால் எங்கே தேடுவது?

வைஃபை சின்னம் முழுதாக இருக்கிறது, அல்லது கேபிள் ஒழுங்காகச் செருகியிருக்கிறது. ஆனாலும் பிரௌசரில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. விவரத்தைத் தோண்டிப் பார்த்தால் கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. சென்னையில் வீடோ, கடையோ, பிஜி விடுதியோ, இந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் செய்வது நெட் இணைப்பு தருபவருக்குப் போன் போடுவதுதான். அவர் லைனைச் சோதித்துவிட்டு, எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது என்பார். அநேகமாக அது உண்மைதான். இந்த எண் காட்டும் கோளாறு பெரும்பாலும் கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில், உங்கள் சுவர்களுக்குள்ளேயே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், வரிசையாகப் பார்த்தால் போதும். கண்டதையெல்லாம் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால்தான் பிறகு யார் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாமல் போகிறது.

முகவரி எப்படிக் கிடைக்கிறது

வலையில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் முகவரி வேண்டும். அதை நாம் கையால் எழுதிக்கொண்டிருக்காமல் தானாகக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பெயர். வீடுகளில் இந்த வேலையை ரவுட்டரே செய்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர் வாசலில் நின்று, ரூம் இருக்கிறதா என்று குரல் கொடுக்கிறார். மேனேஜர் ஒரு ரூம் எண்ணைச் சொல்கிறார். வந்தவர், அதையே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். மேனேஜர் பதிவேட்டில் எழுதி, இத்தனை நாளைக்கு என்று சொல்லிச் சாவியைத் தருகிறார். கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே நடப்பது இதே நான்கு பேச்சுதான். டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் என்று அவற்றுக்குப் பெயர். நான்கும் முடியக் கண் இமைக்கும் நேரம் போதும்.

குரல் கொடுத்தும் யாரும் பதில் சொல்லாவிட்டால்? அப்போது விண்டோஸ் தனக்குத்தானே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளும். அதற்கென்று உலகம் முழுவதும் ஒதுக்கி வைத்திருப்பதுதான் 169.254 வரிசை. விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இந்த வசதி இருக்கிறது. 2005இல் இதற்கான பொது விதியும் வந்தது. ரவுட்டரே இல்லாமல் இரண்டு கணினிகளை ஒரு கேபிளால் இணைத்தால், இந்த எண்களை வைத்தே அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். வெளியே இணையத்துக்கு மட்டும் போக முடியாது.

ஆகவே 169.254 என்ற எண்ணை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். "கேட்டேன், பதில் வரவில்லை" என்று கணினி சொல்கிறது. இனி நாம் தேட வேண்டியது ஒன்றே ஒன்று: கேட்ட குரல் போய்ச் சேரவில்லையா, அல்லது போய்ச் சேர்ந்தும் ரவுட்டர் பதில் தரவில்லையா?

முதலில் கண்ணால் பாருங்கள்

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி சி, எம், டி என்று மூன்று எழுத்துகளைத் தட்டுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரை வரும். அதன்மேல் வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்தால் பின்னால் வரும் வேலைகளுக்கும் சேர்த்து உதவும். கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். முதல் கட்டளை: ஐபிகான்ஃபிக், ஒரு இடைவெளி, சாய்கோடு (/), ஆல். 'ஐபிகான்ஃபிக்' (ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி) ஒரே சொல், நடுவில் இடைவெளி கூடாது.

திரை நிறைய எழுத்து ஓடும். பயப்பட வேண்டாம். கேபிள் என்றால் ஈதர்நெட் என்ற தலைப்பின் கீழும், வைஃபை என்றால் அந்தத் தலைப்பின் கீழும் மட்டும் பாருங்கள். 'மீடியா டிஸ்கனெக்டட்' என்று இருந்தால் கேபிளே இணையவில்லை, அல்லது வைஃபையில் சேரவில்லை. முகவரியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். 'ஆட்டோகான்ஃபிகரேஷன் ஐபிவி4 அட்ரஸ்' என்று 169.254இல் ஒரு எண் இருந்தால் நாம் தேடும் நோய் இதுவே. 'டிஎச்சிபி எனேபிள்டு' என்ற வரியில் 'நோ' என்று இருந்தால் யாரோ முன்பு கையால் முகவரி எழுதி வைத்திருக்கிறார்கள்.

முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கி, 'டிஃபால்ட் கேட்வே' (வெளியே போகும் வாசலான ரவுட்டரின் எண்) வரியிலும் ஒரு எண் இருந்தால், முகவரி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகும் இணையம் இல்லையென்றால் அது வேறு வியாதி. அப்போதுதான் நெட் கம்பெனிக்குப் போன் போடுவதில் நியாயம் இருக்கிறது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியிலிருந்து வரும் ஒளி அறுந்துவிட்டது என்று பொருள். ஆனால் அப்போதும் ரவுட்டர் தன் வேலையைச் செய்து வீட்டுக்குள் 192.168 முகவரிகளைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். சிவப்பு விளக்கு ஒரு பிரச்சினை, 169.254 இன்னொரு பிரச்சினை.

பாதியாகப் பிரித்துத் தேடுங்கள்

அடுத்து, அதே ரவுட்டரில் இன்னொரு கருவியை இணைத்துப் பாருங்கள். கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் சேருங்கள். போனுக்கு ஒழுங்கான முகவரி வந்தால் ரவுட்டர் நலம், தேட வேண்டியது கணினியையும் கேபிளையும். போனுக்கும் வரவில்லையென்றால் கணினியைத் தொடவே தொடாதீர்கள், ரவுட்டரைப் பாருங்கள். பாதி வேலை இந்த ஒரு சோதனையிலேயே முடிந்துவிடும். ஆனால் பலர் இதைச் செய்யாமல் நேராக விண்டோஸை மறுபடி நிறுவும் வரைக்கும் போய்விடுகிறார்கள். கேபிளில் இருக்கிற கோளாறுக்கு விண்டோஸ் என்ன செய்யும்?

கேபிள் என்றால் கணினியில் அது செருகும் துளையின் அருகே ஒரு குட்டி விளக்கு இருக்கும், ரவுட்டர் பக்கமும் இருக்கும். எரியவில்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், ரவுட்டரின் வேறு துளையில் செருகிப் பாருங்கள். எரிந்தால்கூட கேபிள் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உள்ளே எட்டுக் கம்பிகள் உண்டு. முனையில் பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் சரியில்லையென்றால், விளக்கு எரியும், தகவல் மட்டும் சிதறும்.

நம் ஊரில் கேபிளுக்குத் தனிப் பகைகள் உண்டு. அடுக்ககங்களில் மொட்டை மாடி வழியாக இழுத்த லேன் கேபிள் சித்திரை வெயிலில் தோல் வெடித்து, ஐப்பசி மழையில் தண்ணீர் குடிக்கும். இடி மின்னல் அடித்த இரவுக்குப் பிறகு ரவுட்டரின் ஒரு துளை மட்டும் செத்துப்போய், பக்கத்துத் துளைகள் நன்றாக வேலை செய்வதும் உண்டு. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் செருகும் முனையின் உலோகப் பற்கள் உப்புக் காற்றில் மங்கிப்போகும். ஆகையால் வீட்டில் நன்றாக இருக்கும் என்று தெரிந்த கேபிள் ஒன்றைச் சோதனைக்கென்றே தனியாக வைத்திருங்கள். ரிச்சி தெருவில் கேபிள், கிரிம்பிங் கருவி, எட்டுக் கம்பியையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கும் டெஸ்டர் எல்லாமே கிடைக்கும். கடை வைத்திருப்பவர்களுக்கு டெஸ்டர் ஒன்று இருந்தால் பல நாள் தலைவலி மிச்சம். கேபிளின் நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். மாடி விட்டு மாடி சுற்றிச் சுற்றி இழுக்கும்போது அந்த எல்லை எளிதாகத் தாண்டிவிடும்.

பழையதை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்பது

கேபிளும் விளக்கும் சரி என்றால் கணினியை மறுபடி கேட்கச் சொல்லலாம். கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக், இடைவெளி, சாய்கோடு, ரிலீஸ் என்று தட்டி என்டர். அப்புறம் அதே போல ஐபிகான்ஃபிக், சாய்கோடு, ரெனியூ. முதல் கட்டளை கையிலிருக்கும் முகவரியை விட்டுவிடும், இரண்டாவது புதிதாகக் கேட்கும். ரெனியூ சில நொடிகளில் 192.168இல் ஒரு எண்ணைக் காட்டினால் வேலை முடிந்தது. நெடுநேரம் நின்றுவிட்டு, டிஎச்சிபி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தால், குரல் கொடுத்தும் பதில் வரவில்லை என்பது உறுதி.

நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் விண்டோஸ் ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். கரண்ட் போய் வந்து ரவுட்டர் மெதுவாக எழுந்திருக்கும் நேரத்தில் 169.254 கண்ணில் பட்டால், ஒரு டீ குடிக்கும் நேரம் பொறுத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ஷட் டவுன்' செய்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும்போது, கணினி உள்ளே பாதி நினைவோடுதான் தூங்குகிறது. பிணையச் சிக்கலுக்கு 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அதுதான் முழுதாகத் தொடங்க வைக்கும்.

ஊருக்குள் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்குப் பெங்களூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ உதவுபவர்கள் கவனிக்க: 169.254இல் நிற்கும் கணினியை எனிடெஸ்க் போன்ற, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் செயலிகளால் தொட முடியாது. போனில் பேசிக்கொண்டே, திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதுதான் வழி. பொறுமையாக ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள். அவர்கள் சரியாகவே செய்வார்கள்.

கையால் எழுதி வைத்த முகவரி

அலுவலக லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தால் சில சமயம் நடப்பது இது. அலுவலகத்தில் யாரோ ஒரு நிலையான முகவரியை எழுதி வைத்திருப்பார்கள். வீட்டு ரவுட்டரின் வரிசை வேறாக இருந்தால் கணினி யாரிடமும் கேட்காமல் அந்தப் பழைய எண்ணோடு உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பிறகு ஈதர்நெட் அல்லது வைஃபையின் பண்புகள் என்று போனால் 'ஐபி அசைன்மென்ட்' என்ற வரி இருக்கும். அதில் எடிட் அழுத்தி, ஆட்டோமேட்டிக் டிஎச்சிபி என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாற்றுவதற்கு முன் பழைய எண்களைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை அலுவலகத்தில் வேண்டியிருக்கும்.

இதையே தலைகீழாக ஒரு சோதனைக்கும் பயன்படுத்தலாம். எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை இதுதான். கணினி 169.254இல் நிற்கும்போது, கையால் ஒரு முகவரி கொடுத்துப் பாருங்கள். உங்கள் ரவுட்டர் 192.168.1.1 என்றால், கணினிக்கு 192.168.1.250, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1. வீட்டில் வேறு கருவி எதுவும் அந்த 250ஐ வைத்திருக்கக் கூடாது. பிறகு கறுப்புத் திரையில் பிங், இடைவெளி, 192.168.1.1 என்று தட்டுங்கள். பதில் வந்தால் கேபிளும் வைஃபையும் கணினியின் வன்பொருளும் நலம், முகவரி கொடுக்கும் வேலை மட்டும்தான் நின்றிருக்கிறது. பதில் வரவில்லையென்றால் வழியே அறுந்திருக்கிறது. சோதனை முடிந்ததும் மறக்காமல் ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்பிவிடுங்கள். கையால் எழுதிய எண்ணோடு இணையம் வந்துவிட்டது என்று அப்படியே விட்டுவிட்டால், ஒரு மாதம் கழித்து அதே எண்ணை ரவுட்டர் வேறொருவர் போனுக்குக் கொடுத்துவிடலாம். அப்போது இரண்டும் மோதிக்கொள்ளும், இரண்டிலும் நெட் விட்டுவிட்டு வரும்.

ரவுட்டர் எண் தெரியவில்லையா? வைஃபையில் இருக்கும் போனில் அந்த இணைப்பின் விவரத்தைத் திறந்தால் கேட்வே அல்லது ரவுட்டர் என்ற வரியில் இருக்கும். 192.168.1.1, 192.168.0.1 இரண்டும்தான் பரவலாக இருப்பவை. ஜியோஃபைபர் பெட்டிகளில் 192.168.29.1 இருக்கும்.

ரவுட்டர் பக்கம்

போனுக்கும் முகவரி வரவில்லையென்றால் முதல் மருந்து, ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் விட்டுப் போடுவது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருக்கும் வீடுகளில் வரிசை முக்கியம்: இரண்டையும் அணையுங்கள், ஃபைபர் பெட்டியை முதலில் போடுங்கள், அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டர், கடைசியில் கணினி.

பிஜி விடுதிகளிலும் சின்ன அலுவலகங்களிலும் வேறொரு காரணம் அடிக்கடி வரும். ரவுட்டர் கொடுப்பதற்கென்று வைத்திருக்கும் எண்கள் தீர்ந்துபோகும். ஓஎம்ஆர் பக்கம் ஒரு பிஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 20 அறை, அறைக்கு மூன்று பேர், ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப் என்றாலே 120 கருவிகள். ரவுட்டரில் 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என்று வைத்திருந்தால் கொடுக்க 100 எண்கள்தான் உண்டு. முதலில் வந்தவர்களுக்குக் கிடைக்கும், ராத்திரி வேலை முடிந்து தாமதமாக வருபவருக்கு 169.254. அதோடு, கொடுத்த எண்ணுக்கு ஒரு காலக்கெடு உண்டு, அதற்கு லீஸ் என்று பெயர். லீஸ் 24 மணி நேரம் என்றால், காலையில் பத்து நிமிடம் வந்து போன விருந்தாளியின் போனுக்காகவும் அந்த எண் மறுநாள் காலைவரை பிடித்து வைக்கப்பட்டிருக்கும். பிரௌசரில் ரவுட்டரின் எண்ணைத் தட்டினால் திறக்கும் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி என்ற பகுதிக்குப் போய், எண் வரம்பை 192.168.1.20 முதல் 192.168.1.240 வரை அகலமாக்குங்கள், லீஸை இரண்டு மணி நேரமாகக் குறையுங்கள். ஆனால் வீட்டு உபயோகத்துக்கென்று செய்த ஒரே ரவுட்டரில் 120 கருவிகளைத் தொங்கவிட்டால் எண் கிடைத்தாலும் வேகம் கிடைக்காது. விடுதி நடத்துபவர்கள் அதற்கு ஏற்ற கருவியை வாங்கி வைப்பதுதான் அங்கே வாடகை கொடுத்துத் தங்கியிருப்பவர்களுக்குச் செய்யும் நேர்மை.

லீஸ் பற்றி இன்னொன்று. பாதிக் காலம் ஆனதும் கணினி சத்தமில்லாமல் நீட்டிக்கக் கேட்கும். பதில் வராவிட்டாலும் கெடு முடியும்வரை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும். அதனால் நேற்று மாலை ரவுட்டரில் எதையோ மாற்றியதன் விளைவு இன்று காலைதான் வெளியே தெரியலாம். "இன்றைக்கு நான் எதையும் தொடவே இல்லையே" என்று சொல்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். நேற்று யார் தொட்டார்கள் என்று கேளுங்கள்.

இரண்டு ரவுட்டர் இருக்கும் வீடு

மாடியில் வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுபோய் அங்கே மாட்டுவது நம் வீடுகளில் சகஜம். வீட்டுக் கருவிகளை இணைக்கும் அதன் லேன் துளையில் கேபிளைச் செருகிவிட்டால், ஒரே வலையில் முகவரி கொடுப்பவர்கள் இரண்டு பேர். யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் கொடுத்த எண் உங்களுக்கு. சில கருவிகளுக்கு 192.168.1 வரிசை, சிலவற்றுக்கு 192.168.0 வரிசை என்று கலந்து வந்தால் இதைச் சந்தேகியுங்கள். தவறான வரிசையில் விழுந்த கணினிக்கு முகவரி இருக்கும், இணையம் இருக்காது. தீர்வு எளிது: இரண்டாவது ரவுட்டரைத் தனியாக ஒரு கணினியில் இணைத்து, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஎச்சிபியை அணைத்து, பிறகு லேன் துளை வழியாகவே இணையுங்கள். 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

கடைகளில் சிசிடிவி டிவிஆர் (கேமராப் படங்களைப் பதியும் பெட்டி) இதற்குத் தம்பி. கேமரா பொருத்த வருபவர் அதற்கு 192.168.1.108 போல ஒரு நிலையான எண்ணைக் கொடுத்துவிட்டுப் போவார். அது ரவுட்டர் கொடுக்கும் வரம்புக்குள் இருந்தால் பில் போடும் கணினியோடு என்றாவது மோதும். டிவிஆர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் வரம்புக்கு வெளியே, மேலே சொன்னபடி வரம்பு 20இல் தொடங்கினால் 2 முதல் 19 வரைக்குள், எண் கொடுத்து, ஒரு தாளில் எழுதி ரவுட்டர் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.

கணினிக்குள்தான் கோளாறு என்றால்

மற்ற எல்லாக் கருவியும் அதே கேபிளில், அதே வைஃபையில் வேலை செய்கிறது, இந்தக் கணினி மட்டும் அடம்பிடிக்கிறது என்ற நிலைக்கு வந்த பிறகே இதைத் தொடுங்கள். ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, 'டிஎச்சிபி கிளையன்ட்' இயங்குகிறதா என்று பாருங்கள். பிறகு அலுவலக வலைக்கு மறைவாக இணைக்கும் விபிஎன் போன்ற மென்பொருளையும் வெளியாரின் ஆன்டிவைரஸையும் தற்காலிகமாக நிறுத்தி ரெனியூ கொடுங்கள். பாதியில் நின்ற விபிஎன் நிறுவல் இப்படிச் செய்வது உண்டு. ரவுட்டரில் குறிப்பிட்ட கருவிகளுக்கு மட்டும் அனுமதி என்று பட்டியல் இருந்தால், வைஃபை அமைப்பில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' (கருவியின் அடையாள எண்ணை மாற்றிக் காட்டும் வசதி) அணைந்திருக்க வேண்டும். கடைசியாக, அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸில் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கிறது. அது சேமித்த வைஃபை கடவுச்சொற்களை எல்லாம் அழித்துவிடும், விபிஎன்னையும் மறுபடி அமைக்க வேண்டிவரும். குறித்து வைத்துக்கொண்டு அழுத்துங்கள்.

மேக் கணினியில் இதே நிலையை 'செல்ஃப் அசைன்டு ஐபி' என்று காட்டும். சிஸ்டம் செட்டிங்ஸ், நெட்வொர்க், அந்த இணைப்பின் டீடெயில்ஸ், டிசிபி ஐபி என்று போனால் 'ரெனியூ டிஎச்சிபி லீஸ்' பொத்தான் இருக்கும். மற்ற சோதனைகள் எல்லாம் இதற்கும் அப்படியே பொருந்தும்.

ரவுட்டரின் பின்பக்கத்து ஊசித் துளையை மட்டும் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. பல இணைப்புகளில் நெட் கம்பெனி கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டருக்குள் எழுதப்பட்டிருக்கும். ஊசியால் ரீசெட் செய்தால் அவை அழிந்துபோகும். அதுவரை ஒரு கணினிக்கு மட்டும் இருந்த பிரச்சினை வீடு முழுக்கப் பரவும், அதுவும் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த இரண்டு விவரங்களும் கையில் எழுதி இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ரவுட்டர் போய்விட்டதோ என்று கம்பெனி கேபிளை நேராகக் கணினியில் செருகிச் சோதிப்பவர்களும் உண்டு. பயனர் பெயர் கேட்கும் இணைப்பாக இருந்தால் அப்படிச் செருகினாலும் 169.254தான் வரும். அதை வைத்து லைன் போய்விட்டது என்று முடிவு செய்ய முடியாது. புது ரவுட்டர் வாங்கி மாட்டிய பிறகு ரவுட்டருக்கே வெளிமுகவரி வரவில்லையென்றால், சில கேபிள் ஆபரேட்டர்கள் பழைய ரவுட்டரின் மேக் முகவரியோடு (கருவியின் அடையாள எண், மேக் கணினிக்கும் இதற்கும் தொடர்பில்லை) இணைப்பைக் கட்டி வைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். புதிய ரவுட்டரின் அடிப்பக்கத்து ஒட்டுத்தாளில் இருக்கும் மேக் முகவரியைச் சொன்னால் அவர்கள் மாற்றித் தருவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆளைக் கூப்பிட வேண்டிவந்தால், நெட் வரவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். போனுக்கு முகவரி வருகிறதா, கேபிள் விளக்கு எரிகிறதா, ரெனியூ கொடுத்தால் என்ன செய்தி வருகிறது, கையால் எண் கொடுத்தபோது ரவுட்டருக்கு பிங் போனதா என்ற நான்கையும் சொல்லுங்கள். வருபவர் சரியான கேபிளையோ ரவுட்டரையோ கையோடு எடுத்துக்கொண்டு வருவார்.